ஜப்பானிய வகுப்பு அடுத்த ஆண்டும் நடக்க வேண்டுமானால்

ஒரு பள்ளியில் ஜப்பானிய மொழி வகுப்பை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், யாரோ கூட்டம் போட்டு, வாதாடி, முடிவெடுத்து மூடியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். நான் முதன்முதலில் பாடம் நடத்திய பள்ளியில் அப்படி எதுவுமே நடக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான டைம்டேபிளை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். என் பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள் காலி. போய்க் கேட்டேன். "இரண்டாம் ஆண்டுக்கு ஒன்பது பேர்தானே சார் எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒன்பது பேருக்கு ஒரு வகுப்பறையை எப்படி ஒதுக்குறது?" என்றார் டைம்டேபிள் போடுபவர். ஜப்பானிய மொழிமேல் அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் கையில் ஒரே ஓர் எண் இருந்தது, அவ்வளவுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

பள்ளிகளில் ஜப்பானிய வகுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் மூடப்படுகின்றன. எதிர்ப்பாளர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு தேதியும் ஓர் எண்ணும் ஒரே ஓர் ஆசிரியரும்தான் இருப்பார்கள். கணக்கு வகுப்பை மூடலாமா என்று யாரும் யோசிப்பதில்லை. விருப்பப் பாடத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் அது தன் இடத்தை மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. புதிதாக வகுப்பு தொடங்குபவர்களுக்கும், ஏற்கெனவே நடக்கும் வகுப்பைப் பொறுப்பேற்றவர்களுக்கும், பிள்ளை படிக்கும் வகுப்பு தொடர வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: யார், எப்போது முடிவெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய வேலை இது. எந்தப் பாடங்கள் அடுத்த ஆண்டு நடக்கும் என்பதை உங்கள் பள்ளியில் யார் தீர்மானிக்கிறார்? முதல்வரா, நிர்வாகக் குழுவா, மாவட்டக் கல்வி அலுவலகமா? இது தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, அந்த முடிவு எந்த மாதத்தில் எடுக்கப்படுகிறது என்பது. பாடத்தேர்வுப் படிவம் எப்போது பிள்ளைகள் கைக்குப் போகிறது, எப்போது திரும்பி வருகிறது, ஆசிரியர் பணியிடங்களின் கணக்கு எப்போது மேலே போகிறது, ஒரு வகுப்பு நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற வரம்பு எழுத்தில் இருக்கிறதா, இல்லை வாய்மொழி வழக்கமா: இவற்றையெல்லாம் ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி வையுங்கள்.

பெரும்பாலான பள்ளிகளில் உண்மையான முடிவு, அறிவிப்பு வருவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே எடுக்கப்பட்டுவிடும். அறிவிப்பு வந்த பிறகு ஓடிப் போய்ப் பேசுவது, ரயில் போன பிறகு டிக்கெட் வாங்குவது போலத்தான். அதனால் அந்தத் தாளைப் பின்னோக்கிப் படியுங்கள். படிவம் கொடுக்கும் தேதிக்கு ஆறு வாரம் முன்பு கீழ் வகுப்புப் பிள்ளைகளை உங்கள் வகுப்புக்கு அழைத்து ஒரு பாடம் காட்டியிருக்க வேண்டும். அதற்கும் முன்பே முதல்வர் ஒருமுறையாவது உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டைம்டேபிள் போடுபவரோடு நட்பாக இருங்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஜப்பானிய வகுப்பும் வேதியியல் ஆய்வக நேரமும் ஒரே பீரியடில் வந்தால் எந்தப் பிள்ளையும் ஆய்வகத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். அது உங்கள் கணக்கில் 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று பதிவாகும். முதல்வர் பத்து நிமிடம் பேசி மாற்ற முடியாததை, இவர் பென்சிலால் ஒரு கட்டத்தை நகர்த்தி மாற்றிவிடுவார்.

இரண்டாம் படி: உங்கள் எண்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

பள்ளி அலுவலகத்தில் இருப்பது மொத்த எண்ணிக்கை. உங்களுக்குத் தேவை அதன் உள்விவரம். உதாரணத்துக்கு ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 40 பேர், இரண்டாம் ஆண்டில் 22, மூன்றாம் ஆண்டில் 9. நிர்வாகத்தின் கண்ணில் படுவது அந்த 9. நீங்கள் பார்க்க வேண்டியது, 40 எப்படி 22 ஆனது என்பதை. விலகிய 18 பேரிடமும் ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள். ஒரு சிறிய காகிதம் போதும், பெயர்கூட வேண்டாம். டைம்டேபிள் மோதல் காரணமா, பள்ளி மாறிப் போனார்களா, பாடம் கடினமாக இருந்ததா, மதிப்பெண் குறையும் என்று வீட்டில் பயந்தார்களா?

இந்த நான்கு காரணங்களுக்கும் மருந்து வேறு வேறு. டைம்டேபிள் மோதல் என்றால் நிர்வாகத்திடம் பேசித் தீர்க்கலாம். பாடம் கடினம் என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். பெரும்பாலும் அங்கே மாட்டுவது கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள். ஒலியை மட்டும் குறிக்கும் ஹிரகானா, கதகானா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் 46, 46தான். சில வாரங்களில் பிள்ளைகள் படித்துவிடுவார்கள், உற்சாகமாகவும் இருப்பார்கள். அந்த உற்சாகத்தில் கான்ஜியை வாரத்துக்குப் பதினைந்து என்று அள்ளி வைக்கிறோம். ஜப்பானில் பிறந்து, தெருவிலும் தொலைக்காட்சியிலும் நாள் முழுக்க அந்த எழுத்துகளைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கே தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 1026 எழுத்துகள்தான் பாடத்திட்டத்தில் உண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் மொத்தம் 2136. நம் பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று மணி நேரம் பார்க்கிறார்கள். வேகத்தைக் குறைத்தால் தரம் குறையும் என்று நானும் ஒரு காலத்தில் வாதாடினேன். முதல் ஆண்டில் வேகத்தைக் குறைத்த பிறகு இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்கள் கூடினார்கள். தரம் என்பது மூன்றாம் ஆண்டில் யாராவது மிச்சமிருந்தால்தானே?

மேல்நிலையில் எண்ணிக்கை குறைந்தே தீரும் என்றால், மூன்றாம் நான்காம் ஆண்டுகளை ஒரே அறையில் சேர்த்து நடத்துவது ஒரு வழி. பல பள்ளிகளில் ஜப்பானியம் உயிரோடு இருப்பது இப்படித்தான். ஆனால் இது ஆசிரியருக்கு இரட்டைச் சுமை. இரண்டு பாடத் தயாரிப்பு, இரண்டு தேர்வு, ஒரே மணி நேரம். நிர்வாகம் கேட்கும் முன்பே நீங்களாகப் போய் இதை வலியச் சொல்லாதீர்கள். கடைசிக் கட்டத்தில் விட்டுக்கொடுப்பதற்கு உங்கள் பையில் ஏதாவது இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஏன் ஜப்பானியம் என்ற கேள்விக்குப் பதில்

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. முதல்வர் கேட்கும்போது அவர் மனதில் இருப்பது பள்ளியின் பெயரும் செலவும். பெற்றோர் கேட்கும்போது பிள்ளையின் எதிர்காலம். பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவனுக்கோ அவளுக்கோ ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கும். பல சமயம் அது அனிமே என்ற ஜப்பானிய கார்ட்டூன் படமோ, மங்கா என்ற சித்திரக்கதையோதான். அதை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். வாசலுக்குள் வந்த பிள்ளையிடம் எந்த வழியாக வந்தாய் என்று ஏன் கேட்க வேண்டும்? ஆனால் நிர்வாகக் கூட்டத்தில் அதை மட்டும் சொன்னால், பொழுதுபோக்குக்குப் பாடவேளையா என்ற அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தகவல்கள் சில. ஜப்பான் அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன் உலக அளவில் ஜப்பானிய மொழிக் கல்வியைப் பற்றிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 141 நாடுகளிலும் பகுதிகளிலும் சுமார் 38 லட்சம் பேர் கல்வி நிலையங்களில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதிகம் பேர் சீனாவில். அடுத்து இந்தோனேசியா, தென் கொரியா, ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியாவில் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல், அதிலும் பெரும்பாலானோர் பள்ளிப் பிள்ளைகள். 'யாரும் படிக்காத மொழி' என்று ஒருவர் கையை விரித்தால் இந்த எண்கள் உதவும். அதற்கு மேல் இவற்றால் பயனில்லை. இந்தோனேசியாவில் ஏழு லட்சம் பேர் படிப்பதால் நம் பள்ளியில் ஏன் நடத்த வேண்டும் என்று நல்ல முதல்வர் திருப்பிக் கேட்பார், கேட்க வேண்டும்.

எவ்வளவு காலத்தில் மொழி வரும் என்பதில் பொய் சொல்லாதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ஜப்பானியத்தை அரபு, சீனம், கொரியம் ஆகியவற்றோடு மிகக் கடினமான பிரிவில் வைத்திருக்கிறது. வேலைக்குப் போதுமான தேர்ச்சிக்கு 2200 வகுப்பு மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. இது ஆங்கிலம் பேசுபவர்களுக்கானது. வினைச்சொல் கடைசியில் வரும் வாக்கியமும், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் உருபுகளும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல என்பதால் இலக்கணத்தில் கொஞ்சம் சலுகை கிடைக்கும், எழுத்தில் கிடைக்காது. பள்ளியில் வாரத்துக்கு நான்கு பீரியட், ஒன்று 45 நிமிடம், ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்துக்கொண்டால் 108 மணி நேரம். ஐந்து ஆண்டுகள் முழுதாகப் படித்தாலும் 540. தூதரகக் கணக்கில் கால்வாசி.

இந்தக் கணக்கை மறைக்கத் தோன்றும். நான் அதை முதல் பக்கத்திலேயே வைப்பேன். வகுப்பைச் சீக்கிரம் தொடங்க வேண்டும், நடுவில் அறுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல வாதம் இல்லை. "மூன்றாம் ஆண்டோடு நிறுத்தினால் அதுவரை செலவழித்ததும் பாதியில் நிற்கும்" என்பது எந்த நிர்வாகிக்கும் புரியும் பேச்சு. சரளமாகப் பேசுவார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நான்காம் ஆண்டில் பிள்ளை திணறுவதைப் பெற்றோர் பார்த்தால், அடுத்த ஆண்டு உங்களுக்காகப் பேச அவர்கள் வர மாட்டார்கள்.

தேர்வுகளைப் பற்றியும் அளவோடு சொல்லுங்கள். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984 முதல் நடக்கிறது. 2010இல் மாற்றியமைக்கப்பட்டு, என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள் ஆயின. எளியது என்5. பள்ளிப் பிள்ளைகள் எட்டிப்பிடிக்கக்கூடிய நல்ல இலக்கு அதுவும் அடுத்த படியான என்4உம். ஆனால் அந்தத் தேர்வில் பேச்சும் இல்லை, கட்டுரையும் இல்லை. முழு வகுப்பையும் அதற்குத் தயார்ப்படுத்தும் பயிற்சிக் கூடமாக்கினால், பேச ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் கழன்றுகொள்வார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் 2007 முதல், ஏ.பி. என்ற கல்லூரி நிலைத் தேர்வுகளில் ஜப்பானியமும் இருக்கிறது. 2011இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இருமொழித் தேர்ச்சி முத்திரையைப் பள்ளிச் சான்றிதழில் பதிக்கும் வழக்கம் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. உங்கள் கல்வி வாரியத்தில் இப்படி என்ன அங்கீகாரம் இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள். இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலை வகுப்புகளில் வழங்கத்தக்க அந்நிய மொழிகளில் ஜப்பானியத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தக் கொள்கையைப் பற்றி உங்கள் கருத்து எதுவானாலும், அரசு ஆவணத்தில் அச்சான ஒரு வரி, நம் சொந்தப் பேச்சில் பத்து நிமிடத்துக்குச் சமம்.

இப்போது தவிர்க்க வேண்டிய வாதங்கள். வேலைவாய்ப்பை ஒரே தூணாக்காதீர்கள். 1980களில் ஜப்பானியப் பொருளாதாரம் கொடிகட்டிப் பறந்தபோது பல நாடுகளில் பள்ளிகள் போட்டி போட்டு வகுப்பு தொடங்கின. 1990களின் தொடக்கத்தில் அந்தப் பொருளாதாரக் குமிழி உடைந்தது. காசைக் காட்டித் தொடங்கிய வகுப்புகளிடம் காசு போன பிறகு சொல்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஜப்பானில் வேலைக்கு ஆள் தட்டுப்பாடு இருப்பதும், 2019இல் குறிப்பிட்ட திறன் தொழிலாளர்களுக்கென்று புது விசா வந்ததும் உண்மைதான். அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பெற்றோரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டாம், ஏழாவது எட்டாவதாக வரட்டும்.

பிற மொழி ஆசிரியர்களைத் தாழ்த்திப் பேசவே கூடாது. பிரெஞ்சு வகுப்பு மூடினால் அந்தப் பிள்ளைகள் நம்மிடம் வருவார்கள் என்ற கணக்கு கேட்க நன்றாக இருக்கும். மொழி வகுப்புகளையே குறைக்கலாம் என்று ஒருமுறை பழகிக்கொண்ட பள்ளி அடுத்து உங்கள் பக்கம்தான் திரும்பும்.

தமிழ் வாசகர்களுக்கென்றே ஒன்று. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். நமக்குக் கேட்க இனிப்பாக இருக்கும், நானும் ரசித்துப் படித்தவன்தான். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நிர்வாகக் குழுவில் அதை ஆதாரமாகக் காட்டினால், விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து நின்றாலே உங்கள் மற்ற ஆதாரங்களும் சேர்ந்து சரிந்துவிடும். இலக்கண ஒற்றுமையை மட்டும் சொல்லுங்கள். அது வகுப்பில் தினமும் கண்ணால் பார்க்கக்கூடியது.

"இப்போதுதான் போனே மொழிபெயர்த்துவிடுகிறதே" என்ற கேள்வி இப்போதெல்லாம் கட்டாயம் வரும். கோபப்படாமல் போனையே எடுத்துக் காட்டுங்கள். தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு வைத்திருக்கும் நமக்கு இது சட்டென்று விளங்கும். ஜப்பானியத்தில் 'அனாத்தா' என்றால் நீங்கள் என்று அகராதி சொல்லும். ஆசிரியரைப் பார்த்து ஒரு மாணவர் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அங்கே ஆசிரியர் என்று பொருள்படும் 'சென்செய்' என்றோ, மற்றவரிடம் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல் சேர்த்தோ சொல்ல வேண்டும், அல்லது எதுவும் சொல்லாமல் விட்டுவிட வேண்டும். எதிரே இருப்பவர் ஆசிரியரா நண்பரா என்பது போனுக்குத் தெரியாது. எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைத்தான் வகுப்பில் கற்றுத் தருகிறோம். இந்த ஓர் உதாரணம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

நான்காம் படி: நீங்கள் பேசாதீர்கள், மற்றவர்கள் பேசட்டும்

ஆசிரியர் தன் வகுப்புக்காகப் பேசினால், தன் வேலைக்காகப் பேசுகிறார் என்றுதான் காதில் விழும். எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அப்படித்தான். அதனால் ஐந்தாறு பெற்றோர், மூன்று நான்கு பழைய மாணவர்கள், முடிந்தால் பள்ளிக்குள்ளேயே வேறு பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர் என்று ஒரு சிறு குழுவை அமைதியான காலத்திலேயே சேர்த்து வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை சந்தித்தால் போதும்.

ஜப்பானியர்களிடம் 'நெமவாஷி' என்றொரு சொல் உண்டு. மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதற்கு முன், வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தயார்ப்படுத்தும் தோட்ட வேலைக்கு அந்தப் பெயர். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி ஒத்த கருத்துக்குக் கொண்டுவருவதையும் அதே சொல்லால் குறிப்பார்கள். பள்ளி நிர்வாகத்துக்கு இது அச்சாகப் பொருந்தும். கூட்டத்தில் யாரும் மனம் மாறுவதில்லை. கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் மாறுவார்கள். நிர்வாகக் குழுவில் ஏழு பேர் இருந்தால் எல்லோரையும் பார்க்க முடியாது. மற்றவர்கள் யாருடைய முகத்தைப் பார்த்துக் கை தூக்குகிறார்களோ அந்த இருவரைப் பார்த்தால் போதும்.

கொடுக்கும் கடிதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் தொடர்கிறார்கள், படித்து முடித்துப் போன பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள், என்ன கேட்கிறோம். கடைசியில் உள்ளது முக்கியம். 'ஜப்பானிய மொழியைக் காப்பாற்றுங்கள்' என்பது கேட்பது ஆகாது. 'இரண்டாம் ஆண்டு வகுப்பை இயற்பியல் ஆய்வகத்தோடு மோதாத பீரியடுக்கு மாற்றித் தாருங்கள்' என்பதுதான் கேட்பது. அதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும், இல்லை என்று வந்தால் ஏன் என்றாவது தெரியும்.

பிள்ளைகள் பேசினால் மூன்று நிமிடம், அவர்கள் சொந்தச் சொற்களில். ஒரு கூட்டத்தில் ஒரு மாணவி தன் ஜப்பானியத் தோழிக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டி, எந்த வாக்கியம் எழுதத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று என்று சொன்னாள். நாங்கள் தயாரித்த அழகான அட்டவணையை அன்று யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இணையத்தில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டும் மனுக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பள்ளியோடு தொடர்பே இல்லாத மூவாயிரம் பேரைவிட, வாசலில் தினமும் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் முப்பது பேரின் பெயர் கனமானது.

ஐந்தாம் படி: வெளியே இருந்து வரும் உதவி

ஜப்பான் ஃபவுண்டேஷன் 1972இல் தொடங்கப்பட்டது. பாடப்பொருள், ஆசிரியர் பயிற்சி, சில இடங்களில் புதுப் பணியிடத்துக்குக் குறிப்பிட்ட காலம்வரை ஊதிய உதவி என்று பலவற்றைத் தருகிறது. எந்த நாட்டுக்கு எது பொருந்தும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான அலுவலகத்தைக் கண்டுபிடித்து முதலில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பணம் கேட்க அல்ல, இப்படி ஒரு வகுப்பு இங்கே நடக்கிறது என்று தெரிவிக்க. ஜப்பானின் சைதாமாவில் உள்ள அதன் உராவா பயிற்சி மையத்தில் வெளிநாட்டு ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்கு 1989 முதல் பயிற்சி நடக்கிறது. இலவசமாகக் கிடைப்பவற்றில் 'மினாத்தோ' என்ற இணையப் படிப்புத் தளத்தையும், தரவிறக்கிக்கொள்ளக்கூடிய 'இரோதோரி' பாடநூலையும் பாருங்கள். இரோதோரி ஜப்பானில் வாழப் போகும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது, பள்ளிக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் உரையாடல்களை எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்களும் உண்டு. தென்கிழக்கு ஆசியப் பள்ளிகளுக்கு 2014 முதல் 'நிஹோங்கோ பார்ட்னர்ஸ்' திட்டத்தில் ஜப்பானியர்கள் துணை ஆசிரியர்களாக வருகிறார்கள். அமெரிக்காவில் 2012இல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவான ஜப்பானிய ஆசிரியர் சங்கம் இருக்கிறது. 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பல நாடுகளில் சங்கம் வைத்திருக்கிறார்கள். உங்கள் நகரத்துக்கு ஜப்பானில் சகோதர நகரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரும் நாகசாகியும் 1955இலேயே இப்படிக் கைகோத்தவை. பல நகராட்சிகளில் அந்த ஒப்பந்தம் ஒரு சட்டத்துக்குள் மாட்டி, வரவேற்பறைச் சுவரில் தூசி படிந்துகொண்டிருக்கும். அதைத் தட்டி எடுத்து உயிர் கொடுக்க ஒரு பள்ளி வந்தால் நகராட்சியும் மகிழும்.

வெளிப்பணத்தில் ஓர் ஆபத்து உண்டு. ஆஸ்திரேலிய அரசு 1994இல் ஆசிய மொழிகளுக்கென்று ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கி, ஜப்பானியம், சீனம், இந்தோனேசியம், கொரியம் நான்கையும் பள்ளிகளில் வளர்க்க நிதி கொடுத்தது. 2002இல் நிறுத்திவிட்டது. சில ஆண்டு கழித்து அதே போல் இன்னொரு திட்டம், அதுவும் 2012இல் முடிந்தது. உதவித்தொகை வரும் நாளிலேயே அது நிற்கும் நாளும் நிச்சயம். அதனால் விண்ணப்பத்தோடு சேர்த்து, நான்காம் ஆண்டில் இந்த ஊதியம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், ஆசிரியரின் ஊதியத்துக்கு அந்தப் பணத்தை வாங்காதீர்கள். புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், அவை பணம் நின்ற பிறகும் மிஞ்சும்.

ஆறாம் படி: ஒரே ஆசிரியர் என்ற பலவீனம்

என் அனுபவத்தில் எண்ணிக்கைக் குறைவைவிட அதிக வகுப்புகளை மூடியது இதுதான். ஆசிரியருக்குக் கல்யாணம், பிரசவம், இடமாற்றம், வேறு நல்ல வேலை. அவர் போன பிறகு, ஆள் கிடைக்கவில்லை, ஓர் ஆண்டு நிறுத்தி வைப்போம் என்பார்கள். அந்த ஓர் ஆண்டு முடிவதே இல்லை.

எனவே நீங்கள் நாளைக்கே போய்விட்டாலும் வேறொருவர் வந்து மறுநாள் பாடம் நடத்தும்படி ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். ஆண்டுத் திட்டம், எந்த வாரம் எந்தப் பாடம், பழைய தேர்வுத் தாள்கள், எந்த வகுப்பில் எது எடுபட்டது, எது சொதப்பியது, ஜப்பானில் யாரோடு தொடர்பு, பணம் கொடுத்தவருக்கு எப்போது அறிக்கை அனுப்ப வேண்டும். இதைத் தனி மடிக்கணினியில் வைத்தால் இல்லாத மாதிரிதான். பள்ளிக் கணக்கில், இன்னொருவர் திறக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

வேறு ஊர்ப் பள்ளிகளில் உள்ள ஜப்பானிய ஆசிரியர்களோடு பழகுங்கள். மூன்று மாத விடுப்புக்கு ஆள் வேண்டுமென்றால் விளம்பரத்தில் கிடைக்காது, இவர்கள் மூலம்தான் கிடைக்கும். உங்களுக்குக் கற்பிக்கும் தகுதிச் சான்றிதழ் முறையாக இல்லையென்றால் முதல் வேலையாக அதை முடியுங்கள். மொழி நன்றாகத் தெரிந்தும் காகிதம் இல்லாததால் வெளியே போனவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு பாடமும் நடத்தத் தகுதி இருந்தால் நல்லது. ஜப்பானியத்துக்கு அரைநாள் வேலைதான் இருக்கும்போது மீதி அரை நாளை அது நிரப்பும், உங்களைப் பள்ளியில் நிறுத்தி வைக்கும். உங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையிடம், நீயும் ஆசிரியராகலாமே என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யாரும் சொல்லாததால்தான் பலருக்கு அந்த எண்ணமே வருவதில்லை.

ஏழாம் படி: கண்ணில் படுங்கள், ஆனால் அலங்காரமாகிவிடாதீர்கள்

கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து ஓரிகாமி என்ற காகித மடிப்புக் கலையில் வடிவியல், வரலாற்று ஆசிரியரோடு ஹிரோஷிமா, மொழிப் பாடத்தில் ஹைக்கூ. மற்ற ஆசிரியர்களின் பாடத்துக்கு நீங்கள் பயன்பட்டால், உங்கள் வகுப்பு போவது அவர்களுக்கும் இழப்பாகும். விழாவுக்கு விழா யுகாத்தா என்ற ஜப்பானிய உடையை உடுத்தி மேடையில் நிற்கும் துறையாக மட்டும் ஆகிவிடாதீர்கள். அலங்காரத்துக்கு வைத்ததைச் செலவு சுருக்கும்போது முதலில் எடுப்பார்கள்.

ஜப்பானியப் பள்ளியோடு கடிதமோ காணொளியோ பரிமாறிக்கொள்வது நல்ல முயற்சி, பாதியில் நின்றுபோகும் முயற்சியும்கூட. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஏப்ரலில் ஆசிரியர்கள் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போவதும் சகஜம். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட்வரை கோடை விடுமுறை. மே, ஜூன் அல்லது செப்டம்பர் முதல் நவம்பர்வரைதான் உருப்படியாக வேலை நடக்கும். அங்குள்ள ஓர் ஆசிரியரை மட்டும் நம்பாமல் அவருடைய சக ஆசிரியர் ஒருவரின் முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் படத்தையோ பெயரையோ அனுப்பும் முன் இரு பக்கமும் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

மூடப் போகிறோம் என்று சொல்லிவிட்டால்

முதல் இரண்டு நாள் எதுவும் பேசாதீர்கள், சமூக வலைத்தளத்தில் எழுதவே எழுதாதீர்கள். முதல்வரைப் பொதுவெளியில் அவமானப்படுத்தினால், அவர் நினைத்தாலும் முடிவை மாற்ற முடியாமல் போகும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எண்ணிக்கையா, பணமா, ஆளா? எண்ணிக்கை என்றால் உங்கள் உள்விவரத்தோடு போங்கள், சேர்த்து நடத்தும் வகுப்பைச் சொல்ல இப்போதுதான் நேரம். பணம் என்றால் பக்கத்துப் பள்ளியோடு ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆள் இல்லை என்றால் அந்தக் கோப்பும் அறிமுகங்களும் கையில் இருக்கின்றன.

எதுவும் நடக்கவில்லையென்றால், ஏற்கெனவே சேர்ந்த பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை படிப்படியாக மூடும்படி கேளுங்கள். இதை மறுக்க எந்தப் பள்ளிக்கும் வாய் வராது. அந்த இரண்டு மூன்று ஆண்டில் முதல்வரே மாறக்கூடும். வாரத்தில் ஒருநாள் பள்ளி விட்ட பிறகு ஒரு மன்றமாகவாவது நடக்கட்டும். புத்தகங்களை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் முதலில் சொன்ன பள்ளியில் காலியான அந்தக் கட்டங்களுக்குப் பிறகு, என் பாடநூல்களையும் கான்ஜி அட்டைகளையும் மூன்று அட்டைப்பெட்டிகளில் கட்டி, நூலகத்தின் பின்னறையில் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே என்ன இருக்கிறது, எந்த வகுப்புக்கு எது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கலாம் என்று மேலே எழுதி ஒட்டியிருந்தேன். ஆறு ஆண்டுகள் கழித்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இளம் குரல். "நூலகத்துல மூணு பெட்டி இருக்கு சார், மேல உங்க பேர் எழுதியிருக்கு. பிரிக்கலாமா?" என்று கேட்டார்.